கட்டைக்குரல் அம்மா நல்லவங்க

காபியில சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன் அண்ணி. போன தடவை வந்தப்ப அரைக் கரண்டி போதும்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கு. இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயமெல்லாம் எனக்கு மறக்கவே மறக்காது. குடிங்க, ஆறிடப்போகுது. கதவை இனிமே தட்டாதீங்க. அத்தை உள்ள நல்லாத்தான் இருக்காங்க. மதியம் சாப்பாடு ஆச்சு, மாத்திரை போட்டாச்சு. பெத்த மக வந்து அரை மணி நேரமா அறை வாசல்ல நிக்கறப்ப உள்ள தாழ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்களேன்னு உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும். புரியுது. நான் கூப்பிட்டா திறப்பாங்க.

உங்கம்மாவோட வலது கண்ணு எப்படிப் போச்சுன்னு கேட்டீங்க. நேராக் கேட்டீங்க, நானும் நேராவே சொல்றேன். பூசி மெழுகறது எனக்குப் பிடிக்காது. ஆனா நாங்க டி.வி.யில பாக்கற நாடகத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும், இல்லேன்னா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது.

கொரியா நாட்டுல அந்தக் காலத்து ராஜா அரண்மனை. அந்த அரண்மனை சமையக்கட்டுல வேலை பாக்கற பொம்பளைங்களோட கதை. முற்றம் பூரா காய்கறியை ஜாடி ஜாடியா ஊறப்போட்டு வச்சிருப்பாங்க. விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு பத்த வச்சாகணும். ராஜாவுக்குப் போற சூப்புல ஆவி அடங்கறதுக்குள்ள மூணு வாசல் தாண்டிக் கொண்டுபோகணும். ஒருத்தர் வைக்க, ஒருத்தர் ருசி பாக்க, ஒருத்தர் காலை வார. பேச்செல்லாம் அவங்க பாஷையில, கீழ தமிழ்ல எழுத்து ஓடும். நல்ல நாடகம் அண்ணி. நீங்களும் ஒரு தடவை பாக்கணும்.

அத்தைக்கு அது பிடிச்சுப்போனதுல ஆச்சரியமே இல்ல. அவங்க நர்ஸ் விடுதி சமையக்கட்டுல மேற்பார்வை பாத்தவங்க, அது என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அவங்ககிட்ட வேலை பாத்த பொம்பளைங்க நறுக்கின கேரட்டை அளவுகோல் வச்சு அளந்தாக்கூட ஒரே மாதிரி இருக்குமாம். வேலையில இருந்து ஓய்வு வாங்கினதும் அந்த அதிகாரத்தை எல்லாம் எங்க கொண்டுபோய் வைப்பாங்க, சொல்லுங்க. இந்த வீட்டு சமையக்கட்டுல இருந்தது நான் ஒருத்திதான்.

திட்ட மாட்டாங்க. அத்தை திட்டினாங்கன்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். கழுவி வச்ச கரண்டியை எடுப்பாங்க, ஜன்னல்கிட்ட போவாங்க, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. அப்புறம் ஒரு வார்த்தை பேசாம தொட்டியில திருப்பிப் போடுவாங்க. அவ்வளவுதான். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறதுன்னு சொல்லுவாங்களே, அதுக்கு மேல. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்த டங்குங்கற சத்தம்தான் எனக்குக் காலை வணக்கம்.

அப்புறம் அவங்க கண்ணு மங்க ஆரம்பிச்சுது. ரெண்டு கண்ணுலயும் பால் படிஞ்ச மாதிரி. கண் டாக்டரம்மா பாத்துட்டுப் புரைதான்னு சொன்னாங்க. காலையில வந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம், சின்ன ஆபரேஷன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னாங்க. அந்தக் கொஞ்ச நாள்லதான் நாடகம் வந்துது.

அத்தைக்கு எழுத்துப் படிக்க முடியல. உருவம் நிழலாத் தெரியும், நிறம் தெரியும், காது மட்டும் பாம்புக் காது. "நீ படிச்சுச் சொல்லேன்"னாங்க. அத்தை என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் பக்கத்துல உக்காந்தேன்.

எனக்குப் படிப்பு சுமார் அண்ணி. ஒரு வரியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த வரி வந்து நிக்கும். விட்டுப்போனதை நானே போட்டு நிரப்பினேன். அதைப் பொய்னு சொல்ல முடியாது. துணி கிழிஞ்சா ஒட்டுப் போடறது இல்லையா, அந்த மாதிரி.

அந்த அரண்மனை சமையக்கட்டுக்குத் தலைவியா ஒரு அம்மா இருந்தாங்க. ஆம்பளை மாதிரி கட்டையான குரல். அவங்க வாயைத் திறந்ததுமே அத்தை நிமிர்ந்து உக்காந்தாங்க. "யாரு இவ? குரல்லயே தெரியுது பாரு, சரியான ஆளு. இவதானே கதாநாயகி?"ன்னாங்க. கட்டைக்குரல் அம்மான்னு பேரும் வச்சுட்டாங்க.

உண்மையில அந்த அம்மாதான் வில்லி. புதுசா வேலைக்கு வந்த ஒரு சின்னப்பொண்ணு இருந்தா, அவதான் கதாநாயகி. அன்னைக்குப் பாகத்துலயே கட்டைக்குரல் அம்மா யாருமில்லாத நேரம் முற்றத்துக்குப் போய் அந்தப் பொண்ணோட ஜாடியைத் திறந்து, உள்ள ஒரு கை சாம்பலை அள்ளிப் போட்டாங்க. மூடி உரசற சத்தம் அத்தைக்குக் கேட்டுடுச்சு. "என்ன பண்றா?"ன்னாங்க. நான் என்ன சொல்லட்டும்? அத்தை முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். அதை அணைக்க எனக்கு மனசு வரல.

"சின்னப்பொண்ணு உப்புப் போட மறந்துட்டா அத்தை. யாருக்கும் தெரியாம இவங்க போட்டு சரி பண்றாங்க"ன்னேன்.

அத்தை தொடையில தட்டிக்கிட்டாங்க. "பாத்தியா. மேல இருக்கறவ அப்படித்தான் இருக்கணும். நான் எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணியிருக்கேன் தெரியுமா."

அவ்வளவுதான், கதை திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் அதைத் தூக்கி நிறுத்தறது என் பொறுப்பாயிடுச்சு. கட்டைக்குரல் அம்மா அந்தப் பொண்ணை மழையில முட்டி போட வச்சாங்க. ரெண்டு பேரும் மழை நிக்கணும்னு வேண்டிக்கறாங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சும்மா சும்மா அழுவா. "ஏன் இவ எப்பப் பாத்தாலும் மூக்கை உறிஞ்சறா?"ன்னு அத்தை கேட்டாங்க. "அரண்மனையில வெங்காயம் ஜாஸ்தி அத்தை"ன்னேன். "நம்ம விடுதியிலயும் அப்படித்தான், மூட்டை மூட்டையா வரும்"னு ஒத்துக்கிட்டாங்க. சிரிப்பை அடக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு காய் நறுக்கற காட்சி. கட்டைக்குரல் அம்மா என்னவோ கடுகடுன்னு சொன்னாங்க. இந்தத் தடவை கீழ எழுத்தையே நான் பாக்கல. "அவங்க அந்தப் பொண்ணுகிட்ட சொல்றாங்க அத்தை, நீ நறுக்கினதைப் பாத்தேன், குறை சொல்ல ஒண்ணும் இல்லன்னு." அத்தை விரலால சேலை முந்தானையை மடிச்சு மடிச்சு நீவிக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவ வந்தாங்க. நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். என் பின்னாடி நின்னுக்கிட்டு, "இன்னைக்கு நீ நறுக்கினது நல்லா இருந்துச்சு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல"ன்னாங்க. நான் திரும்பவே இல்ல அண்ணி. குழாய் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துது. அங்க வெங்காயம் எதுவும் இல்ல, நான் அழுதேன். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. நானே எழுதினதுதான், ஆனா அவங்க வாயில இருந்து வந்தப்ப என்னவோ சாமி வரம் குடுத்த மாதிரி இருந்துது.

அப்பத்தான் என் கையில என்ன இருக்குன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் மருந்து மாதிரி, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வேளை. கட்டைக்குரல் அம்மா சின்னப்பொண்ணை மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்திருன்னாங்க, எனக்கு மத்தியானத் தூக்கம் கிடைச்சுது. அந்தப் பொண்ணைக் கூட உக்கார வச்சு சாப்பிட்டாங்க, அத்தை எனக்கும் தட்டு வைக்கச் சொன்னாங்க. அந்தப் பொண்ணை அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வான்னு அனுப்பி வச்சாங்க. அது அத்தைக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு போல, ரெண்டு பாகத்துல திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதாப் போச்சு. ஆனா அத்தை என்னை அனுப்பினாங்க. பஸ்ஸுக்கு வாசல் வரைக்கும் வந்து நின்னாங்க.

நான் சுயநலமா மட்டும் பண்ணல. உங்கம்மாவை நான் உள்ளங்கையில வச்சுத் தாங்கினேன். தலை வாரி விட்டேன், கால் நகம் வெட்டி விட்டேன், ரவிக்கையில கொக்கி போடறதுக்குக்கூட நான்தான். நாங்க சிரிக்கற சத்தம் வெளிக் கதவு வரைக்கும் கேக்கும். உங்க தம்பி நாள் பூரா எவனெவன் லிஃப்டையோ ரிப்பேர் பண்ணிட்டு வந்து வாசல்ல நிப்பார். "ரெண்டு பேரும் ஒண்ணு சேந்தாச்சு. இனிமே எனக்கு சோறு கிடைச்ச மாதிரிதான்"னு கேலி பண்ணுவார். அவர் முகத்துல அந்த நிம்மதியை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. கரண்டியை மட்டும் அத்தை பழக்க தோஷத்துல இன்னும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பாங்க. பிடிச்சுட்டு என்கிட்ட கேப்பாங்க, "சுத்தமா இருக்காம்மா?"ன்னு. இருக்குன்னு சொல்லுவேன். சரின்னு வச்சுடுவாங்க.

நடுவுல மேல் வீட்டுத் தையல்காரம்மாவால ஒரு சின்ன இடைஞ்சல். அவங்களும் அதே நாடகம் பாக்கறவங்க. ஒரு நாள் வந்து உக்காந்து, "அந்தக் கிழவி விளங்குவாளா, பிஞ்சுப் பொண்ணை என்ன பாடு படுத்தறா"ன்னு ஆரம்பிச்சாங்க. அத்தை விடுவாங்களா. "யாரைச் சொல்றே? அவ தெய்வம்"னாங்க. "தெய்வமா? ஜாடியில சாம்பலைப் போட்டவளா?" "உப்பு போட்டா அது உனக்கு சாம்பலா?" ஊசியைக் கீழ வச்சுட்டு அவங்க முழிக்க, அத்தை மூச்சிரைக்க. நான் நடுவுல பிஸ்கட் தட்டை நீட்டிக்கிட்டு நின்னேன். அவங்க மேல போனதும் அத்தை என்னை என்னன்னு பாத்தாங்க. "பாவம் அத்தை, கொஞ்ச நாளா அவங்களுக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு கேள்விப்பட்டேன். எல்லாத்தையும் மாத்திச் சொல்றாங்களாம்"னேன். அத்தைக்கு அவங்க மேல இரக்கமாப் போச்சு. மாடிப்படிகிட்ட தையல்காரம்மாவைப் பாத்து, உங்களைப் பாத்தா அத்தைக்குப் படபடப்பு வருது, கொஞ்ச நாள் வர வேண்டாம்னு நல்லபடியாவே சொன்னேன். அவங்களும் வரல. பதினஞ்சு வருஷ சிநேகிதம்தான். ஆனா அத்தைக்கு நான் இருந்தேனே.

அப்புறம் டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க.

அத்தைக்கு சந்தோஷம் தாங்கல. வர்ற வழியெல்லாம் ஆட்டோவுல அதே பேச்சு. "கண்ணு தெரிஞ்சதும் நாடகத்தை முதல்ல இருந்து ஒரு தடவை பாக்கப்போறேன். இந்தத் தடவை நானே படிச்சுக்கறேன், நீ பாவம் எத்தனை நாள் தொண்டை வத்தக் கத்துவே. கட்டைக்குரல் அம்மா முகத்தை ஆசை தீரப் பாக்கணும்."

உங்கம்மா பேப்பர் படிச்சா கடைசிப் பக்கத்துல அச்சடிச்சவன் பேர் வரைக்கும் விடாமப் படிப்பாங்க. அவங்க கண்ணுல இருந்து ஒரு வரி தப்பாது. முதல் பாகத்துலயே சாம்பலைப் பாப்பாங்க. மழையில முட்டி போட்டதைப் பாப்பாங்க. குறை சொல்ல ஒண்ணும் இல்லங்கற வார்த்தையை யாரும் சொல்லவே இல்லன்னு தெரிஞ்சுப்பாங்க. அப்புறம் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போவாங்க. எனக்கு பயமா இருந்துது அண்ணி. அதைச் சொல்ல வெக்கம் இல்ல. அந்த டங்குங்கற சத்தத்தைத் திரும்பக் கேட்டா என் உசிரு நிக்காதுன்னு தோணுச்சு.

நான் எதையும் தேடிப் போகல. நாடகமே கொண்டுவந்து குடுத்துது. ஜாடிகளுக்குக் காவல் இருக்கற ஒரு கிழவி, அவளுக்குக் கண்ணு மங்கிப்போய் ஜாடியை மாத்தித் திறந்துடறா. அரண்மனை வைத்தியர் கண்ணுல மருந்து வச்சுக் கட்டு கட்டறார். ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப கட்டை அவிழ்க்கற பாகம் வந்துது. துணியைச் சுத்திச் சுத்தி எடுக்கறாங்க. கிழவி கண்ணைத் திறக்கறா. எதிர்ல நிக்கற பொண்ணுங்க முகத்தை ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பாத்து, ஓன்னு அழறா. சந்தோஷத்துல அழறா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, அவ்வளவு நல்லா எடுத்திருந்தாங்க.

"ஏன் அழறா? என்னாச்சு? சொல்லேன்"னு அத்தை என் கையைப் பிடிச்சாங்க.

"கண்ணு போயிடுச்சு அத்தை"ன்னேன். "கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு இருந்ததும் சுத்தமாப் போயிடுச்சு. தடவித் தடவிப் பாக்கறாங்க."

அந்த நேரம் பாத்து அந்தப் பொண்ணுங்க எல்லாம் சிரிச்சுத் தொலைச்சாங்க. "யாரோ சிரிக்கறாங்களே?"ன்னாங்க அத்தை.

"சிரிக்கல அத்தை. அவங்க நாட்டுல அழுகை அப்படித்தான் இருக்கும்."

அத்தை கை என் கையை விடவே இல்ல, சில்லுன்னு இருந்துது. நாடகம்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன, தெரியும். ஆனா மங்கலுக்குள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு காதுல விழறதுதானே உலகம். ராத்திரி சாப்பிடறப்ப, "டாக்டரம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிடு. இருக்கற வெளிச்சம் போதும், நீதான் இருக்கியே"ன்னாங்க. நான் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல. முடிவு அவங்களோடது. நான் டாக்டரம்மாவுக்குப் போன் மட்டும் பண்ணேன்.

நீங்களும் அந்த வாரம் போன் பண்ணீங்க. அத்தை பயப்படறாங்க அண்ணின்னு சொன்னேன். அதுல ஏதாவது பொய் இருக்கா, நீங்களே சொல்லுங்க. "நீதான் எடுத்துச் சொல்லணும், உன் பேச்சைத்தான் கேக்கறாங்க"ன்னு சொன்னீங்க. நீங்க என்னைப் பத்தி அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா. உங்க தம்பி ரெண்டு தடவை சொல்லிப் பாத்தார். அம்மா அழவும், சரி விடுன்னுட்டார். அவருக்கு யார் அழுதாலும் தாங்காது.

டாக்டரம்மா ஒண்ணு சொல்லியிருந்தாங்க. ரொம்பத் தள்ளிப்போட்டா புரை முத்திப்போய்க் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடும், கண்ணு சிவந்து தலைவலியும் வாந்தியும் வந்தா ராத்திரி பகல் பாக்காம ஓடி வாங்கன்னு. நான் மறக்கல. இந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்கு மறக்காதுன்னு முன்னாடியே சொன்னேனே.

வந்துது. ஒரு காலையில வலது பக்கம் தலை பிளக்குதுன்னாங்க. குடிச்ச காபி வெளிய வந்துடுச்சு. கண்ணைப் பாத்தா ரத்தச் சிவப்பு. "டாக்டர்கிட்ட போயிடலாமா?"ன்னு அவங்களாவே கேட்டாங்க. ஓடிப்போயிருந்தா அழுத்தத்தை இறக்கியிருப்பாங்க, அப்படியே புரையையும் எடுத்திருப்பாங்க. எனக்கு அது நல்லாத் தெரியும். "ஒரு நாள் பாக்கலாம் அத்தை, சூடா இருக்கும்"னேன். நெத்தியில தைலம் தேய்ச்சு விட்டேன். இதமா இருக்குன்னாங்க.

அன்னைக்குப் பாகத்துல கட்டைக்குரல் அம்மாவுக்கும் தலைவலி. ராஜாவோட அம்மாவுக்கு விருந்து, நூறு தட்டு போகணும். யார்கிட்டயும் சொல்லாம, முகம் சுளிக்காம, அடுப்புகிட்டயே நின்னு அத்தனையும் அனுப்பி முடிச்சாங்க. நல்லா சொன்னேன் அன்னைக்கு, என் குரலே எனக்குப் பிடிச்சுது. அத்தை உதட்டைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. ஒரு முனகல் இல்ல. மறுநாளும் அப்படியேதான். உங்கம்மா மாதிரி மன உறுதி உள்ளவங்களை நான் பாத்ததே இல்ல அண்ணி.

நாலு நாள்ல வலி குறைஞ்சுது. கூடவே அந்தக் கண்ணுல வெளிச்சமும் குறைஞ்சுது. உங்க தம்பிதான் கண்ணு நிறம் மாறியிருக்குன்னு பாத்துட்டு டாக்டரம்மாகிட்ட தூக்கிக்கிட்டு ஓடினார். நரம்பு போயிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது, வலி வந்த அன்னைக்கே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க. சொல்லிட்டு என்னைப் பாத்தாங்க. இடது கண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கு, இந்த மாசம் தாண்டாதீங்கன்னாங்க. அதைக் கேட்டுத்தான் நீங்க கிளம்பி வந்திருக்கீங்க. நல்லதுதான். மக வர வேண்டியதுதானே.

கதவு விஷயம் கேட்டீங்க. நீங்க வர்றீங்கன்னு உங்க தம்பி திங்கக்கிழமை சொன்னார். அன்னைக்கு நாடகத்துல ஏதோ வெளிநாட்டுத் தூதரோட பொண்டாட்டி வந்தாங்க, ராணிக்குப் பட்டு கொண்டுவந்தாங்க, வேற ஒண்ணும் நடக்கல. எனக்கு அந்தப் பாகம் சப்புன்னு இருந்துது. அதனால அவங்களை ஜாடிக் கிழவியோட மகளாக்கினேன். உங்களை மாதிரியே தூர தேசத்துல வாழ்க்கைப்பட்ட மக. வாய் நிறைய அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு வர்றா. கண்ணைச் சரி பண்றேன்னு கூட்டிக்கிட்டுப் போய், மிச்சம் இருக்கறதையும் போக்கி, பாஷை தெரியாத ஊர்ல ஒரு பின்கட்டு அறையில உக்கார வச்சுடறா. கிழவி கூப்பிட்டா யாருக்கும் புரியாது. அத்தை அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. இன்னைக்கு உங்க பெட்டியோட சக்கரம் நடையில கடகடன்னு உருண்டு வந்த சத்தம் கேட்டதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டே போய்த் தாழ் போட்டுட்டாங்க.

ஆமா அண்ணி. அந்தக் கண்ணை எடுத்தது நான்தான். கத்தி இல்லாம, ரத்தம் இல்லாம, பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டே எடுத்தேன். நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன். மனசு லேசா இருக்கு.

ஏன் இப்படி எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. உங்க தம்பிகிட்ட சொல்லணுமா, சொல்லுங்க. டாக்டரம்மாகிட்ட, போலீஸ்கிட்ட, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அத்தை நம்பணுமே. கதவை உடைச்சுத் தூக்கிக்கிட்டுப் போனா, போற வழியெல்லாம் அலறுவாங்க. அப்படி அலறறவங்களைப் படுக்க வச்சு எந்த டாக்டர் கண்ணுல கை வைப்பாங்க? மாசமும் முடியப்போகுது.

நான் இருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க. இடது கண்ணுக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னு உங்களைவிட எனக்கு அக்கறை ஜாஸ்தி. ஜாடிக் கிழவிக்கு இன்னொரு வைத்தியரைக் கொண்டுவரலாம், அந்தப் பின்கட்டு அறையையே கெட்ட கனவுன்னு சொல்லிடலாம். கட்டைக்குரல் அம்மா ஒரு வார்த்தை சொன்னா அத்தை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவாங்க. ஆபரேஷன் முடிஞ்சா, டாக்டரம்மா டி.வி. பக்கமே போகக்கூடாதுன்னு சொன்னாங்கன்னு நாம ரெண்டு பேரும் சேந்து சொல்லலாம். கரண்டி எல்லாம் நான் புதுசு வாங்கி வச்சுட்டேன். நாம ஒரே குடும்பம் அண்ணி, அத்தை சந்தோஷமா இருக்கணும், அதுதானே நம்ம எல்லாருக்கும் வேணும்.

நேரமாச்சு, இன்னைக்குப் பாகம் ஆரம்பிக்கப்போகுது. நான் உள்ள போறேன், நீங்க இங்கேயே சத்தம் போடாம உக்காந்து காபியைக் குடிங்க. அந்த மகளை நல்லவளா மாத்தறது எனக்கு ஒரு மத்தியான வேலைதான். எவ்வளவு நல்லவளா இருக்கணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க.